நிலத்திலோ, பாதையிலோ, கிணற்றிலோ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபக்காரி. கோபம் வந்தால் என் மூக்குத்தான் முதலில் சிவக்கும் என்று உம்மா சொல்வார். பதினெட்டு வருடம் கழித்துக் களப்புக்கரைக்குப் போய் வந்தவள் தண்ணீரையும் பறவைகளையும் பார்த்து உருகி எழுதியிருப்பாள் என்று நினைத்து யாராவது வாசிக்கத் தொடங்கியிருந்தால் மன்னிக்க வேண்டும். கடலை ஒட்டிய அந்தக் களப்பு அழகாகத்தான் இருக்கிறது. விடியற்காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கிறது. கண்டல் வேர்களுக்கிடையில் சின்ன நண்டுகள் ஓடி ஒளிகின்றன. தூரத்தில் மணல்திட்டில் நாரைகள் நிற்கின்றன. அழகில் ஒரு குறையும் சொல்ல முடியாது. அந்த அழகுதான் எங்களுக்கு வினையாகப் போனது.

எங்கள் சொந்த ஊர் மன்னார்ப் பக்கம். யுத்த காலத்தில், தொண்ணூறாம் ஆண்டு, அங்கிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது எனக்குப் பதினான்கு வயது, நான் ராத்தா என்று கூப்பிடும் அக்காவுக்கு இருபது. வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினோம். நனைந்த துணியோடு நின்ற எங்களுக்கு ஒரு தென்னந்தோட்ட முதலாளி தன் காணியின் ஓரத்தில் குடில் போட இடம் கொடுத்தார். நாற்பது குடும்பங்கள். அந்தக் குடியிருப்பின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. குறிஞ்சிப்பிட்டிக்குக் கொஞ்சம் தள்ளி, களப்புப் பக்கமாக என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து களப்போரமாக ஒரு பாதை போகும். ஒரு பக்கம் தென்னை, மறுபக்கம் தண்ணீர். அரை மணித்தியாலம் நடந்தால் மீன் வாடி வரும். மீனை வெட்டி, உப்புப் போட்டு, பாயில் பரப்பிக் கருவாடாக்குகிற இடம். எங்கள் பெண்களில் பாதிப்பேருக்கு அந்த வாடிதான் சோறு போட்டது. உம்மா போனார், ராத்தா போனாள், பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் போனேன். இருபது பெண்கள் வரிசையாக, ஊர் வம்பு முழுவதையும் பேசிக்கொண்டு நடப்போம். சிப்பி காலைக் கிழிக்கும். உப்புக்காற்றில் உதடு வெடிக்கும். அந்தப் பாதையை அழகு என்று அப்போது எங்களில் யாரும் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அழகு என்று நான் சொல்லத் தொடங்கியது இங்கிலாந்துக்குக் கலியாணம் முடித்துப் போன பிறகுதான். நான் இருக்கும் இடத்துக்குக் கிட்ட ஏரிகள் இருக்கின்றன. சனி ஞாயிறு வந்தால் சனங்கள் ஊன்றுகோலும் சப்பாத்துமாக ஏரியைச் சுற்றி நடப்பார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. கூட நடப்பவர்களிடம் எங்கள் களப்புப் பாதையைப் பற்றி அளப்பேன். உங்கள் ஏரியெல்லாம் என்ன ஏரி, எங்களுடையதைப் பார்க்க வேண்டும் என்பேன். பதினெட்டு வருடம் அளந்தேன். போய்ப் பார்க்கத்தான் இல்லை. முதலில் விசா, பிறகு பிள்ளைகள், பிறகு இவ்வளவு காலம் போகவில்லையே என்ற வெட்கம்.

போன வருடம் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். ராத்தா அதே குடியிருப்பில்தான் இருக்கிறாள். கிடுகுக் குடில் கல்வீடாக மாறியிருந்தது. அவளுடைய கணவர் மௌத்தாகி ஐந்து வருடம், பிள்ளைகள் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியும் வாடிக்குப் போய் மீன் வெட்டுகிறாள். முதல் நாள் விடியற்காலை சுபஹு தொழுதுவிட்டுச் சீலையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

"நானும் வாறன் ராத்தா. அந்தப் பாதையால நடக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தனான்."

"நீ ஆறுதலா பாண் சாப்பிட்டுட்டு வா புள்ள. நான் முந்திப் போறன். வாடியில சந்திப்பம்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனாள். எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. சம்பலையும் பாணையும் அவசரமாக விழுங்கிவிட்டு, நடைச் சப்பாத்து, முதுகுப்பை, முக்காட்டுக்கு மேலே ஒரு தொப்பி என்று வேடம் போட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன். எட்டி நடந்தால் அவளைப் பிடித்துவிடலாம் என்று கணக்கு.

பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு மூங்கில் படலை நின்றது. பக்கத்தில் பறவைப் படம் போட்ட பலகை. சீருடை போட்ட ஒரு காவலாளி எழுந்து, "குட் மோர்னிங் மெடம்" என்று படலையைத் திறந்துவிட்டார். நானும் இங்கிலிஷில் பதில் சொல்லிச் சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறைய வேண்டும் போல இருக்கிறது.

உள்ளே பாதையைக் கண்டு நான் மகிழ்ந்துவிட்டேன், அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மணல் வாரி விடப்பட்டிருந்தது. இரு பக்கமும் வெள்ளைச் சிப்பிகள் பதித்திருந்தார்கள். காலைக் கிழித்த அதே சிப்பிகள். இடைக்கிடை உட்கார மரவாங்கு. பிரதேச சபைக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது, சனங்கள் நடக்கிற பாதையைத் திருத்திக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். கைத்தொலைபேசியை எடுத்து நாரைகளைப் படம் பிடித்தேன். களப்புப் பக்கமாகக் கம்பிவேலி ஒன்று ஓடியது. மாடு வராமல் இருக்கப் போட்டிருப்பார்கள் என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன்.

பாதி வழி வந்திருப்பேன். வேலிக்கு அந்தப் பக்கம் தண்ணீருக்குள் நாலு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். தொடையளவு தண்ணீர். தலையில் பை, கையில் செருப்பு. இறால் பிடிக்கிறார்களாக்கும் என்று அவர்களையும் படம் எடுக்கத் தூக்கினேன். திரையில் முன்னால் வந்த பெண்ணைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்கு முந்திப் புறப்பட்ட ராத்தா, எனக்குப் பின்னால், தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தாள்.

"ராத்தா! தண்ணிக்குள்ள என்ன செய்யிறாய்?"

"சத்தம் போடாத. நீ நட. நான் வந்திருவன்."

"மேல ஏறு முதல்ல!"

"ஏலாது புள்ள. அது கெஸ்ட் நடக்கிற பாதை."

என் கத்தலைக் கேட்டுக் காவலாளி ஓடி வந்தார். என்ன நடந்தது என்று அவரே பணிவாக விளக்கினார். தோட்ட முதலாளி மௌத்தான பிறகு அவருடைய பிள்ளைகள் காணியை ஒரு விடுதிக்காரருக்கு விற்றுவிட்டார்கள். விடுதிக்கு வருபவர்கள் காலையில் களப்பைப் பார்த்து நடக்க விரும்புகிறார்கள்.

"வேலைக்குப் போற ஆக்கள் இதால போகக்கூடாதெண்டு ஓடர், மெடம். கருவாட்டு மணம் கெஸ்ட்டுக்கு ஒத்துவராதாம்."

"அவ என்ட ராத்தா."

அவர் என் சப்பாத்தைப் பார்த்தார். தண்ணீரில் நின்ற ராத்தாவைப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"அப்ப மெடம் கெஸ்ட் இல்லையா?"

அதற்குப் பிறகு நான் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூன்றிலும் எனக்குத் தெரிந்த வசவுகள் தீர்ந்துபோகும் வரை கத்தினேன். அந்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "நானும் இங்க பக்கத்தில கண்டக்குழியான்தான் மெடம். என்ட தோணி போயிட்டு, இந்த வேலை இல்லாட்டி வீட்டில அடுப்பெரியாது" என்றார். ஒரு கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அவரை ஏசியதற்காகவும் சேர்த்து எனக்கு அந்த விடுதிமேல் ஆத்திரம் வந்தது.

வேலி முடிந்த இடத்தால் சப்பாத்தோடேயே தண்ணீரில் இறங்கி ராத்தாவிடம் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலைத் தூக்கி வைக்காத. இழுத்து இழுத்து வா. அடியில திருக்கை கிடக்கும், மிதிச்சா முள்ளால குத்திரும்."

அப்படி இழுத்து இழுத்துத்தான் ஒன்றரை வருடமாக அந்தப் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். தார் ரோட்டைச் சுற்றிப் போனால் இரண்டு மணித்தியால நடை, த்ரீவீலில் போனால் உழைப்பில் பாதி அதற்கே போய்விடும். உள்ளூர்ச் சனங்களுக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது, அவர்களுக்கு இந்தப் பாதை தேவைப்படாமல் போய்க் கனகாலம். முன்பு பதினைந்து பெண்கள் தண்ணீரில் இறங்கினார்களாம். ஒருத்திக்குத் திருக்கை குத்திக் கால் அழுகப் பார்த்த பிறகு மற்றவர்கள் நின்றுவிட்டார்கள். மிச்சம் இந்த நாலு பேர்.

"ஏன் எனக்குச் சொல்லல? கிழமைக்கு ரெண்டு தரம் வட்ஸ்அப்பில கதைக்கிறமே!"

"சொன்னா நீ அங்கயிருந்து கத்துவாய். கத்தி என்ன செய்ய? நீதான் அந்தப் பாதை, அந்தப் பாதை எண்டு ஒவ்வொரு தரமும் கேப்பாய். அப்படியேதான் இரிக்கு எண்டு சொன்னா உனக்கு ஒரு சந்தோசம். நானேன் அதைக் கெடுப்பான்?"

எனக்கு அழுகை வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது. என் சந்தோசத்துக்காக இவள் வேலை முடிந்து வந்து, ஈரச் சீலையோடு தொலைபேசியில் என்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள். நான் இருப்பது சனங்கள் நெடுங்காலம் நடந்த பாதையைக் காணிக்காரன்கூட மறிக்க முடியாத நாட்டில். ஆடு மேய்கிற காணிக்கு நடுவால்கூட உரிமையோடு போய் வருகிறேன். அந்த உரிமை எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ராத்தாவும் சும்மா இருக்கவில்லை. பாதையைத் திறந்துவிடச் சொல்லி நாலு பேரும் கையொப்பமிட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். அந்த வியாழக்கிழமை விசாரணை. நானும் வருகிறேன் என்றேன். "வா, ஆனா கத்தாத" என்றாள்.

எந்தக் காரியாலயம் என்பது வேண்டாம். ஒரு நீண்ட அறை, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. சிங்களவர், எங்களுக்காகத் தமிழில் பேசினார், பொறுமையாகத்தான் கேட்டார். விடுதியின் முகாமையாளர் ஒரு கோப்போடு வந்திருந்தார். ராத்தா எழுந்து நின்று, வந்த காலத்திலிருந்து இந்தப் பாதையால்தான் வேலைக்குப் போகிறோம், உம்மாவும் போனவ, இப்போது தண்ணீரால் போகிறோம் என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். நான் விட்டேனா? இங்கிலாந்துப் பாதைகளைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தேன். அதிகாரி குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, "அது அங்கத்த சட்டம், மிஸ்" என்றார்.

பிறகு முகாமையாளர் கோப்பிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். காணி வாங்கியபோது பழைய பத்திரங்களோடு வந்ததாம். அதிகாரி அதைச் சத்தமாக வாசித்தார்.

"நாங்கள் இங்கே தற்காலிகமாகவே தங்கியுள்ளோம். இந்தக் காணியில் நிலத்திலோ, பாதையிலோ, கிணற்றிலோ எவ்வித பாத்தியமும் இன்றும் என்றும் கோரமாட்டோம் என உறுதியளிக்கிறோம்."

கீழே குடியிருப்பின் பெரியவர்கள் எல்லாரின் ஒப்பமும் கைநாட்டும் இருந்தன. வாப்பாவுடையது, உம்மாவுடையது, ராத்தாவுடையது. எழுத்து என்னுடையது.

வந்து ஒரு வருடம் ஆனபோது எழுதியது. அகதிகளுக்கு இடம் கொடுத்தால் காணி கைவிட்டுப் போய்விடும் என்று முதலாளியின் காதில் சிலர் ஊதியிருந்தார்கள். அந்த நல்ல மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து, ஒரு கடிதம் தந்தால் அவர்களின் வாயை அடைக்கலாம் என்றார். வாப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள் மன்னாரில்தான் என்று குடியிருப்பு முழுவதும் நம்பிக்கொண்டிருந்த காலம். மரம் வைத்தால் இங்கேயே தங்கிவிடுவோம் என்று ஒரு முருங்கைத் தடியைக்கூட ஊன்றவிடாத பிடிவாதம் வாப்பாவுக்கு. கடிதம் எழுத என்னைக் கூப்பிட்டார். எங்களில் நல்ல எழுத்து என்னுடையதுதான், கட்டுரைப் போட்டியில் பரிசெல்லாம் வாங்கியவள்.

வாப்பா சொன்னது நிலத்தை மட்டும். எனக்கு அந்த வசனம் மொட்டையாகப் பட்டது. பாதையையும் கிணற்றையும் நான் சேர்த்தேன். 'இன்றும் என்றும்' என்பதும் என் கைங்கரியம். வாசித்துக் காட்டியபோது வாப்பா தலையை ஆட்டி, "மாஷா அல்லாஹ், நல்லா எழுதியிருக்கிறாய் மகள்" என்றார். அன்று முழுவதும் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

"இத யார் எழுதினது?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான்."

முகாமையாளர் கிண்டல் இல்லாமல், உண்மையாகவே, "நல்ல வடிவான எழுத்து" என்றார். அந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது. ராத்தா என் முழங்கையைத் தொட்டாள்.

"பரவாயில்ல. வாப்பா சொன்னதத்தானே நீ எழுதினாய்."

"இல்ல ராத்தா. வாப்பா பாதையச் சொல்லல. நான்தான் சேத்தன்."

"ஏன்?"

"வாசிக்க நல்லா இருந்திச்சு."

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். மறுபடி அதிகாரியின் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஒன்றரை வருடமாக அவள் தண்ணீருக்குள் இழுத்து இழுத்து வைத்த காலுக்கு நானும் ஒரு காரணம் என்று அந்தக் கதிரையில் இருந்தபடி எனக்கு விளங்கியது. காவலாளியை ஏசினேன், விடுதியை ஏசினேன், சட்டத்தை ஏசினேன். என்னை ஏச எனக்கு வசவு கிடைக்கவில்லை.

அதிகாரி கடிதத்தை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். அது பழைய கடிதம், அதை மட்டும் வைத்து முடிவு எடுக்க மாட்டேன் என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அடுத்து அந்த இடத்து வாக்காளர் பட்டியலைப் புரட்டினார்.

"பாதை பாவிச்சது எண்டு இந்த இடத்து ஆள்தான் சாட்சி சொல்லணும். உங்கட பேர் இங்க இல்லையே அம்மா. மன்னார்லதானே இருக்கு?"

உண்மைதான். எங்கள் ஆட்களில் கனபேருக்குப் பதிவு இன்னும் மன்னாரில்தான். ஒவ்வொரு தேர்தலுக்கும் விடியக் காலையில் பஸ் ஏறி அங்கே போய் வாக்குப் போட்டுவிட்டு வருவார்கள். இங்கே பதிந்தால் அங்கே பெயர் வெட்டுப்படும், பெயர் வெட்டுப்பட்டால் காணியையும் மறந்துவிட வேண்டியதுதான் என்று வாப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மனுவில் ஒப்பமிட்ட நாலு பேரின் பெயரும் அந்தப் பட்டியலில் இல்லை. நடந்தவர்கள் பதிவில் இல்லை, பதிவில் உள்ளவர்கள் நடக்கவில்லை.

"ரெண்டு இடத்து ஆளா இருக்க ஏலாது. அங்கயா, இங்கயா எண்டு நீங்கதான் சொல்லணும்" என்றார் அதிகாரி. "பக்கத்து அறையில படிவம் இருக்கு. மாத்தினா நீங்க இங்கத்த ஆள்."

வெளியே விறாந்தையில் ஒரு வாங்கில் இருந்தோம்.

"வேணாம் ராத்தா. த்ரீவீலுக்கு மாசாமாசம் நான் அனுப்புறன்."

அன்றைக்குத்தான் ராத்தா கோபப்பட்டு நான் பார்த்தேன்.

"என்ட காலால நடந்து வேலைக்குப் போக உன்ட காசா? வாய மூடு." முந்தானையை முறுக்கினாள். "போன வருசம் போய்ப் பாத்தன். வாப்பாட காணி முழுக்கக் காடு. கிணறும் தூந்து போச்சு. எல்லை எதெண்டுகூடத் தெரியல. அது இரிக்கட்டும், அல்லாஹ் பாத்துக்குவான். எனக்கு வாடிக்குப் போக வழி வேணும். படிவத்த எடுத்து எழுது."

எழுதினேன். பழைய விலாசம் என்ற இடத்தில் எங்கள் ஊரின் பெயர், புதிய விலாசம் என்ற இடத்தில் களப்புக்கரை. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பழைய பதிவை நீக்கச் சம்மதம் என்ற வரிக்குக் கீழே ராத்தா ஒப்பமிட்டாள். முப்பத்துச் சொச்சம் வருடம் இறுக்கிப் பிடித்திருந்ததை ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டாள். எனக்கு அந்தக் காரியாலயத்தின் யன்னல்களை எல்லாம் அடித்து உடைக்க வேண்டும் போல இருந்தது.

படிவத்தை வாங்கிய எழுதுவினைஞர் ஒரு இளம்பெண், எங்கள் சனம்தான். முத்திரை குத்தி, துண்டைக் கிழித்து ராத்தாவிடம் கொடுத்தாள்.

"அப்ப நாளைக்கு நான் பாதையால போகலாமா மகள்?"

"இல்ல உம்மா. கன வருசமா இங்க இருந்து பாதையப் பாவிச்ச ஆளெண்டு காட்டணும். பிறகுதான் விசாரணைய எடுப்பாங்க."

"அதானே சொன்னன். வந்த நாள்ல இருந்து நடக்கிறன்."

"அது பதிவில இல்லையே உம்மா. உங்கட பதிவு இண்டையில இருந்துதான் துடங்குது."

ராத்தா கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். அதில் அன்றைய திகதி இருந்தது. பேச்சுக்குக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப நான் இந்த ஊருக்கு இண்டைக்குத்தான் வந்தனானா?"

அந்தப் பெண் இன்னொரு முறை திகதியைச் சரிபார்த்தாள்.

"ஓம் உம்மா. இண்டைக்குத்தான்."